ஓரம் தெரியாத பலகை

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இதிலென்ன'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் லிஃப்டில் ஏறியதும் பேச்சு நிற்கும், இறங்கியதும் சிரிப்பு தொடங்கும். கதவு மூடுவதற்குள் அந்தச் சிரிப்பின் நுனி அவர் காதில் விழுந்துவிடும். விழாத மாதிரி நடந்துபோவார்.

இருபத்திரண்டு வருடங்களாகக் காப்புரிமைத் தேர்வாளர். ஒருவர் 'புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன், இது எனக்கே சொந்தம்' என்று மனுப் போட்டால், அது உண்மையிலேயே கண்டுபிடிப்புதானா, இல்லை அந்தத் தொழில் தெரிந்த எவனுக்கும் தானாகத் தோன்றக்கூடியதா என்று பார்த்துச் சொல்வது வேலை. அவருக்கு ஒதுக்கியிருந்தது திரைகள். கைபேசித் திரை, தொலைக்காட்சித் திரை, தெருமுனை விளம்பரப் பலகை என்று ஒளிர்கிற எதுவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டியவை கொஞ்சம்தான்.

"இதிலென்ன இருக்கு? பார்த்தாலே தெரியுதே" என்பார். அதோடு ஒருவருடைய ஐந்து வருட உழைப்பு அலமாரிக்குப் போய்விடும்.

மனம்போன போக்கில் சொல்கிற ஆள் இல்லை அவர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் வகுப்பே அதைப் பற்றித்தான். விடை தெரிந்த விடுகதை மாதிரி சப்பென்று இருப்பது உலகத்தில் வேறெதுவும் இல்லை என்பார். அதுவரை மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவனே விடையைக் கேட்டதும் 'ப்பூ, இவ்வளவுதானா' என்பான். தேர்வாளன் தடுக்கி விழுகிற குழி அதுதான். விடையைப் படித்துவிட்டு 'எனக்கும் தோன்றியிருக்கும்' என்று நினைப்பது.

குழியில் விழாமலிருக்க அவரிடம் ஓர் அட்டை இருந்தது. எப்போதோ தீர்ந்துபோன நாட்காட்டியின் முதுகு அட்டை. எல்லோரும் கணினியில் படிக்கும்போது அவர் மட்டும் கோப்பை அச்செடுத்துப் படிப்பார். திரைகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் திரையை நம்புவதில்லை என்பது அலுவலகத்தின் இரண்டாவது நகைச்சுவை. கோப்பு வந்ததும், மனுதாரர் தன் கண்டுபிடிப்பை வரையறுத்துச் சொல்லும் கோரிக்கைப் பக்கத்தை அட்டையால் மூடிவிடுவார். பிரச்சினை என்ன என்பதை மட்டும் படிப்பார். அதைத் தீர்க்கத் தனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதுவார். பிறகு அட்டையை எடுப்பார். சீட்டும் கோரிக்கையும் ஒன்றாக இருந்தால், எவருக்கும் தோன்றக்கூடியது. மனு காலி.

இதைவிட நேர்மையான வழி உண்டா? இல்லை என்றுதான் இருபத்திரண்டு வருடங்களாக நம்பியிருந்தார்.

அன்று வந்த கோப்பு பெரிய நிறுவனம் ஒன்றுடையது. பலகை செய்து உலகமெல்லாம் விற்கிறவர்கள். வழக்கம்போல அட்டையை வைத்து மூடிவிட்டுப் பிரச்சினையைப் படித்தார். விளம்பரப் பலகை என்பது சதுரச் சதுரமான பேனல்களை ஒட்டிச் செய்தது. அதில் ஒன்று பழுதானால் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுகிறார்கள். புதியது மட்டும் பளிச்சென்று தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது, ஏனென்றால் அக்கம்பக்கத்துப் பேனல்கள் வருடக்கணக்கில் எரிந்து மங்கிப்போனவை. இதற்கு என்ன செய்வது?

அவர் பேனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சீட்டில் எழுதினார்: 'பழசைத் தூக்காதே, புதுசை இறக்கு. ஓரத்தில் பக்கத்துப் பேனல் அளவுக்கு மங்கலாக்கு. நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. கண் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, ஓரத்தைத்தான் பார்க்கிறது.'

அட்டையை எடுத்தார். முதல் கோரிக்கை, சுற்றி வளைத்த சட்ட மொழியில், அதையே சொன்னது.

அப்படியொரு குளிர்ச்சி நெஞ்சில். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுச் சீட்டையும் கோரிக்கையையும் காட்டினார். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆன பெண், வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"அட, அப்படியே இருக்கே சார். நீங்களே ஒரு மனுப் போட்டிருக்கலாம் போலிருக்கே!"

"இதிலென்ன இருக்கும்மா? பார்த்தாலே தெரியுது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

ஆனால் 'எனக்குத் தோன்றியது' என்று எழுதி மனுவை நிராகரிக்க முடியாது. வக்கீல்கள் நார் நாராகக் கிழித்துவிடுவார்கள். மனுப் போட்ட தேதிக்கு முன்னால் யாராவது, எங்காவது, இதையோ இதை நோக்கிக் கைகாட்டுகிற எதையோ எழுதியிருக்கவேண்டும். அதைத் தேடி எடுத்து மேசையில் வைக்கவேண்டும். மூன்று நாள் தேடினார். முப்பது வருட ஆவணங்கள். அத்தனை பேரும் எதிர்த்திசையில்தான் போயிருந்தார்கள். மங்கிய பழைய பேனல்களுக்கு மின்சாரத்தைக் கூட்டிப் புதியதற்குச் சமமாக முடுக்கிவிடுவது. அதனால் பழையவை இன்னும் சீக்கிரம் சாகும், அடுத்த மாதம் இன்னொன்றை மாற்றவேண்டும். விற்கிறவனுக்கு அதில் நஷ்டம் இல்லை. புதியதை இறக்கு என்று ஒருவர், ஒரே ஒருவர்கூட, எழுதியிருக்கவில்லை.

நான்காம் நாள் காலை, சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். முப்பது வருடமாக உலகத்தில் யாருக்கும் வராத யோசனை தனக்கு ஒரு நிமிடத்தில் எப்படி வந்தது? தன்னைக் கெட்டிக்காரர் என்று நம்புகிறவர்தான் அவர். ஆனால் அவ்வளவு கெட்டிக்காரர் என்று நம்பும் அளவுக்கு முட்டாள் இல்லை.

விடை அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. எதிரே பெரிய விளம்பரப் பலகை. ஒரு விளம்பரம் முடிந்து அடுத்தது வருவதற்குள் பலகை முழுக்க ஒரு கணம் வெள்ளையானது. அந்த வெள்ளையில் நான்கு சதுரங்கள் மட்டும் தனியாகப் பல்லைக் காட்டின. மாற்றிய பேனல்கள். 'ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி' என்று யாரோ சொன்னது காதில் கேட்டது. யாரோ இல்லை. மனைவியின் தம்பி.

பேருந்து வந்து நின்று, போயே போய்விட்டது. அவர் ஏறவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மைத்துனன் பலகை மெக்கானிக். ஏணிதான் அவனுக்கு அலுவலகம், விரல் நுனிகளில் ஈயம் பற்றவைத்த சூட்டுத் தழும்பு. அன்று சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பேனல்களை வைத்து ஒயரைச் செருகினான். ஒன்று பழசு, ஒன்று புதுசு. ஒட்டிய இடம் எங்கே என்று தெரியவில்லை. நான்காக மடித்த தாள் ஒன்றையும் நீட்டினான், அதில் பென்சில் படம்.

"எங்க ஒட்டியிருக்கேன்னு சொல்லுங்க பாப்போம், அத்தான்."

அவர் விரலை இங்கும் அங்கும் வைத்தார். இரண்டு முறையும் தப்பு. மனைவி சிரித்தாள்.

"புதுசைக் கொஞ்சம் கெழவனாக்கிட்டேன், அவ்வளவுதான். ஓரத்துல மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி மங்கலா இருக்கும், உள்ள போகப் போகத் தன் சுபாவத்துக்கு வந்துடும். கண்ணு வெளிச்சத்தைப் பாக்கிறதில்ல அத்தான், ஓரத்தைத்தான் பாக்குது. இதுக்கு உங்க ஆபீஸ்ல உரிமை கிரிமை ஏதாவது வாங்கலாமா?"

அவர் சாப்பாட்டில் கையை வைத்தபடியே, "இதிலென்ன இருக்கு?" என்றார். "பளிச்சுன்னு இருந்தா மங்கலாக்க வேண்டியதுதானே. பார்த்தாலே தெரியுது. வேலை தெரிஞ்ச எவனுக்கும் தோணும்."

"பதினேழு வருஷமா எனக்குத் தோணலையே அத்தான். ஏணியில நின்னுக்கிட்டு ஒட்டுப்போட்ட சட்டையைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."

"உனக்குத் தோணலைங்கிறதெல்லாம் சட்டத்துக்கு ஒரு காரணமா? மனுச் செலவு, வக்கீல் செலவுன்னு போய் நிக்காதே. வேலையைப் பாரு."

மைத்துனன் ஒயரைப் பிடுங்கினான். பேனல்கள் இரண்டும் ஒரே கறுப்பாயின. தாளைக் கசக்கி, போகிற போக்கில் சமையலறைக் கூடையில் போட்டுவிட்டுப் போனான். கோபமாகப் போகவில்லை. அதுதான் இப்போது அவரை உறுத்தியது. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகத்தோடு போனான்.

அன்று அட்டை இல்லை. விடையைக் கண்ணெதிரே எரியவிட்டுக் காட்டிய பிறகு அவர் விடுகதையைக் கேட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே காட்டிக்கொடுக்கும் குழியில், சோற்றுக் கையோடு, தானே விழுந்திருந்தார்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மைத்துனன் கடைக்குப் போனார். ஷட்டருக்குள்ளே தரையெல்லாம் பேனல், திருகாணி, சுருட்டிய ஒயர். மைத்துனன் எழுந்து ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"என்ன அத்தான், நீங்க போய் இங்க? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கென்ன. அந்தப் படம் வரைஞ்ச தாள், அது உன்கிட்ட இருக்கா?"

"எது, ஓரம் மங்கலாக்கிறதா? உங்க வீட்டுக் கூடையிலதானே போட்டேன்."

"முதல்ல அதைச் செஞ்ச பலகை?"

"எடைக்குப் போட்டாச்சு."

"பில்லாவது?"

"பில்லுல 'பேனல் மாற்றம்'னு இருக்கும். கெழவனாக்கினதுன்னா எழுத முடியும்?" சிரித்தான். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "என்ன விஷயம், சொல்லுங்க."

வெளியிடப்பட்டுவிட்ட மனுதான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கோரிக்கையைச் சாதாரணப் பேச்சில் சொன்னார். மைத்துனன் கையிலிருந்த திருப்புளியை இப்படியும் அப்படியும் உருட்டினான்.

"நாலு வருஷம் இருக்கும். அவங்க இன்ஜினியர் ஒருத்தர் நான் ரிப்பேர் பண்ணின பலகையைப் பாக்க வந்தார். 'எப்படி ஓரமே தெரியல?'ன்னு கேட்டார். டீ வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் சொன்னேன். பேனலை ஓட்டுற கார்டுல எந்த இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வைக்கணும்கிறது வரைக்கும்."

"சொன்னியா? எதுக்குடா சொன்னே?"

"நீங்கதானே ஒண்ணுமில்லைன்னீங்க." அவன் குரலில் குத்தல் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. "ஒண்ணுமில்லாததை எதுக்கு அத்தான் ஒளிச்சு வைக்கணும்?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஆடியது. நாற்காலியினுடையது.

"ஒரு எதிர்ப்பு மனு எழுதித் தர்றேன். நடந்ததை நடந்தபடி. கையெழுத்து மட்டும் போடு. உன்கிட்டேயிருந்து எடுத்ததுன்னு நிரூபிக்க முடியுதோ இல்லையோ, விசாரணைன்னு ஒண்ணு நடக்கும்."

மைத்துனன் தலையால் சுவர்ப்பக்கம் காட்டினான். அங்கே ஆணியில் இரண்டு நீலச் சட்டைகள் தொங்கின. மார்பில் அந்த நிறுவனத்தின் முத்திரை.

"மூணு வருஷமா அவங்க பலகைதான் பாக்கிறேன். ஊர்ல முக்கால்வாசி அவங்களோடதுதான். கையெழுத்துப் போட்டா நாளைக்கு இந்த ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ரெண்டு பிள்ளைங்க இருக்கு." திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எழுதுங்களேன். நீங்கதானே சாட்சி. மேசையில உக்காந்து பாத்தீங்க, எங்க ஒட்டியிருக்குன்னு ரெண்டு வாட்டி தப்பாச் சொன்னீங்க" என்றான்.

தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தார்.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். சொல்லாமலிருந்திருக்கலாம். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் மடித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊரான் பேப்பருக்கெல்லாம் அட்டை வச்சு மூடிப் பாப்பீங்களே. என் தம்பி வந்தன்னைக்கு அந்த அட்டை எங்க போச்சு?"

மேலதிகாரியிடம் கொடுக்கக் கடிதம் எழுத அவருக்கு இரண்டு நாள் ஆனது. இதில் என் நெருங்கிய உறவினர் சம்பந்தப்பட்டிருப்பதால் கோப்பிலிருந்து விலகுகிறேன், இதே முறையை அவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் என்னிடம் காட்டினார், பிறகு மனுதாரரின் இன்ஜினியரிடமும் டீ குடிக்கையில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். மேலதிகாரி ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"காட்டினப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் சன்னலைப் பார்த்தார்.

"கேக்கிறது உங்களைத்தான்."

"இதிலென்ன இருக்குன்னு சொன்னேம்மா."

அந்த அம்மா சிரிக்கக்கூடாது என்றுதான் முயன்றார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றார். பிறகு முகம் கல்லானது. "வீட்டுக்குள்ள மச்சான் அத்தானுக்குக் காட்டினது ஊர் அறிஞ்சது ஆகாது. டீ குடிக்கிறப்போ இன்ஜினியர்கிட்ட சொன்னதுக்கு, சொன்னவரே வந்து எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. குடுப்பாரா?"

"மாட்டான்."

"அப்ப காகிதத்துல ஒண்ணுமில்லை. காகிதத்துல இல்லாதது இந்தக் கட்டடத்துல கிடையாது. இது நீங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிற பாடம். நீங்க இருந்தாலும் இந்த மனு ஜெயிக்கும், விலகினாலும் ஜெயிக்கும். விலகினா இந்தக் கடிதம் கோப்புல ஏறும். இதைக் கிழிச்சுப் போட்டா நமக்குள்ளேயே முடிஞ்சுடும். எப்படி வசதி?"

கிழித்துப் போடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஏத்திடுங்கம்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்த ஒரே வீரச்செயல் அது. யாருக்கும் அதனால் நயாபைசா பிரயோஜனமில்லை.

கோப்பு பக்கத்து மேசைக்குப் போனது. கடிதமும் அதோடு போனதால், ஒரு வாரத்துக்குள் காவலாளிக்குக்கூடக் கதை தெரிந்துவிட்டது. 'இதிலென்ன' என்ற பெயருக்கு இப்போது ஒரு புராணமும் சேர்ந்தது. லிஃப்டில் சிரிப்பதற்கு அவர் இறங்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை.

பக்கத்து மேசைப் பெண் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு மத்தியானம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நான் கேக்கக்கூடாது, நீங்க சொல்லக்கூடாது. ஆனா இது மட்டும் புரியலை சார். இவ்வளவு சுலபமா இருக்கே, முப்பது வருஷமா ஏன் யாருக்கும் தோணலை?"

"தோணியிருக்கும்மா" என்றார். "தோணினவன் யார்கிட்டேயாவது போய்க் கேட்டிருப்பான்."

அவள் நாற்காலியைத் திரும்பத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து அவள் எழுதிய உத்தரவு வெளிவந்தது. நன்றாக எழுதியிருந்தாள். 'தொழிலில் உள்ள அனைவரும் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருக்கையில், கண்ணின் இயல்பை ஊன்றிக் கவனித்த ஒருவரால் மட்டுமே எட்டக்கூடிய தீர்வு இது. எளிதில் தோன்றக்கூடியதன்று.' அந்த வரியை அவர் மூன்று முறை படித்தார். ஏணியில் பதினேழு வருடம் நின்ற ஒருவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்து, சொல்லியிருக்கவேண்டிய வரி. அது ஒரு நிறுவனத்தின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போனது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். நீலச் சட்டை. கையில் உறை.

"அத்தான், கம்பெனியிலேருந்து வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு நாளைக்குள்ள குடுக்கணுமாம். இந்தச் சட்ட பாஷை நமக்குப் பிடிபடாது. கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க."

அதே மேசை. மனைவி தட்டுகளை ஒதுக்கினாள். அவர் கடிதத்தைப் படித்தார். கீழ்க்கண்ட முறை எங்கள் காப்புரிமை. எங்கள் பலகைகளைத் தவிர வேறு எவருடைய பலகையிலும் அதைச் செய்யமாட்டேன் என்று எல்லா மெக்கானிக்குகளும் எழுதித் தரவேண்டும். கீழே அந்த முறை. அவர் அதை வரி வரியாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினார். ஓரத்தில் பக்கத்துப் பேனல் அளவு, நடுவை நோக்கிப் படிப்படியாக ஏற்றம். மைத்துனன் முழங்கையை மேசையில் ஊன்றி, முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேட்டான். இடையில் ஒரு இடத்தில் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினான்.

"இனிமே மத்த பலகையில எல்லாம் ஒட்டுப்போட்ட சட்டைதானா?"

"அவங்க அனுமதி குடுத்தா செய்யலாம்."

"குடுப்பாங்களா?"

அவர் கடிதத்தை நீட்டினார். மைத்துனன் அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"ஆனா நல்லா எழுதியிருக்காங்க அத்தான். நான் படம்தான் போட்டேன். இப்படிக் கோவையாச் சொல்ல எனக்கு வராது."

மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"இப்பச் சொல்லுங்களேன்" என்றாள் கணவனிடம். "இதிலென்ன இருக்குன்னு. சொல்லுங்க, கேக்கிறோம்."

அவர் காலி உறையை இரண்டாக மடித்தார்.

"விடுக்கா" என்றான் மைத்துனன். "பேனா இருக்கா அத்தான்?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். மேசையில் ஈரம் காயவில்லை. காகிதத்துக்கு அடியில் வைக்க ஏதாவது வேண்டும் என்றான். அவர் எழுந்து, அலுவலகப் பையைத் திறந்து, நாட்காட்டி அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மைத்துனனுக்கு அழுத்தி எழுதுகிற கை. கையெழுத்து காகிதத்தைத் தாண்டி அட்டையில் பள்ளமாகப் பதிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் மேசைக்குப் புதிய கோப்பு ஒன்று வந்தது. கோரிக்கைப் பக்கத்தை அந்த அட்டையால்தான் மூடினார். பிரச்சினையைப் படித்தார். துண்டுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, மத்தியானம் வரை எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.